எந்த வலி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். வங்கி அதிகாரி. வயது 46. சோபாவில் வலது காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே, நிலாவுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது மாதிரி கனமாக ஒரு பூட்ஸ். சுவரோரம் இரண்டு ஊன்றுகோல். டி.வி.க்கு மேலே ஆணி அடித்து, நீல ரிப்பனில் ஒரு மெடல் தொங்கியது.

மெடலும் பூட்ஸும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தவை.

'சுகர் பார்டர்ல இருக்கு' என்று டாக்டர் சொன்ன நாளில் ஓட ஆரம்பித்தவர் அவர். முதலில் தெருமுனை வரை. அப்புறம் பார்க்கைச் சுற்றி. அப்புறம் விடியற்காலை பெசன்ட் நகர் கடற்கரை, கூட ஓட ஒரு குழு, குழுவுக்கென்று ஒரு பனியன், தினமும் வாட்ஸ்அப்பில் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு படம். எட்டு கிலோ குறைந்தார். சுகர் குறைந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. எல்லாம் நல்ல விஷயம்தான். அரை மாரத்தானுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுத்தார்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கால் முன்னெலும்பில் ஒரு வலி. 'இங்கேதான்' என்று ஒரே விரலை வைத்துக் காட்டிவிடலாம், அப்படியொரு வலி. முதலில் ஓடும்போது மட்டும் வந்தது. பிறகு மாடிப்படி ஏறும்போது வந்தது. கடைசியில் ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார். போட்டியன்று காலையிலும் மாத்திரை. முடித்தார். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். கார் நிறுத்திய இடம் வரை நடக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பில் விரிசல்.

"ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டேன்.

"வலியைப் பொறுத்துக்கறதுதானே சார் விளையாட்டு? வலிக்குதுன்னு பாதியில நின்னா அப்புறம் என்ன டிசிப்ளின்?"

பதில் சொல்லத் தெரியாமல் காபியைக் குடித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை உறுத்தியது. டிசிப்ளின். ஒழுக்கம். வலியைப் பொறுப்பது ஒழுக்கமா? உங்களையும் என்னையும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். ஊசி போடும்போது அழாத பையனுக்கு மிட்டாய் உண்டு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்த என் நண்பர் இப்போதைக்கு ஆள்வது அந்த சோபாவை மட்டும்தான்.

*

இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். முதலாவதை நீங்கள் யூ டியூபில் பார்த்திருக்கலாம்.

1992, பார்சிலோனா ஒலிம்பிக்ஸ். 400 மீட்டர் அரையிறுதி. இங்கிலாந்தின் டெரெக் ரெட்மண்ட் பதக்கம் வாங்கும் வேகத்தில் இருந்தவர். நான்கு வருஷம் முன்பு சியோலில் காயத்தால் ஓட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் விலகியவர். இந்த முறை பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை, பின்தொடைத் தசை கிழிந்தது. விழுந்தார். எழுந்தார். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கிளம்பினார். காலரியிலிருந்து அவருடைய அப்பா காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். இரண்டு பேருமாகக் கோட்டைத் தாண்டினார்கள். ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

இரண்டாவது, 2004, ஏதென்ஸ். பெண்கள் மாரத்தான். பாலா ராட்க்ளிஃப், அவரும் இங்கிலாந்துதான். முந்தின வருஷம் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் மாரத்தான் ஓடி உலக சாதனை செய்தவர். 16 வருஷம் யாராலும் தொட முடியாத சாதனை அது. ஏதென்ஸில் அவருக்குத் தங்கம் நிச்சயம் என்று ஊரே நம்பியது. ஆனால் போட்டிக்குச் சில நாள் முன்பு காலில் அடி. அதற்குச் சாப்பிட்ட மருந்து வயிற்றைக் கெடுத்தது. சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. அன்றைக்கு வெயில் வேறு கொளுத்தியது. 36 கிலோமீட்டர் தாண்டியதும் நின்றுவிட்டார். சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

அவருக்கு யாரும் கைதட்டவில்லை. 'பாதியில் விட்டவர்' என்று அவர் நாட்டுப் பத்திரிகைகளிலேயே எழுதினார்கள். நொண்டியாவது முடித்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் பஸ் பிடிக்கவாவது ஓடியிருப்பார்கள் என்பது தெரியவில்லை. பத்திரிகைக்காரனாக இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதே வருஷம் நவம்பரில் அவர் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார். 2005-ல் லண்டனில் ஜெயித்தார். அதே வருஷம் ஹெல்சிங்கியில் உலக சாம்பியன் ஆனார். ஏதென்ஸில் மிச்சமிருந்த ஆறு கிலோமீட்டரை இழுத்துக்கொண்டு போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? சொல்ல முடியாது. நடக்காமலும் போயிருக்கலாம். 2025-ல், 51 வயதில், டோக்கியோவிலும் பாஸ்டனிலும் மாரத்தான் ஓடி முடித்தார் அந்த 'பாதியில் விட்டவர்'.

நான் ரெட்மண்டைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் நொண்ட ஆரம்பித்தபோது தசை ஏற்கெனவே கிழிந்தாகிவிட்டது, பதக்கமும் போய்விட்டது. இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அந்த மீதித் தூரத்தை அவர் நடந்தது வேறொரு கணக்குக்காக. அதை எல்லாரும் பொது விதியாக்கிக்கொண்டோம், அதுதான் கோளாறு. வலியோடு முடித்தவர் வீரர், நின்றவர் கோழை என்று இரண்டே பெட்டி வைத்திருக்கிறோம். என் நண்பர் தன்னை முதல் பெட்டிக்குள் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டார்.

*

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. 'வலி' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இன்றைக்கு நாம் நோவைத்தான் வலி என்கிறோம். பழைய தமிழில் வலி என்றால் பலம். வலிமை, வலியவன் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். திருக்குறளில் 48-வது அதிகாரத்தின் பெயர் 'வலியறிதல்'. எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்கும் அதிகாரம் என்று ஒரு பையன் பரீட்சையில் எழுதியதாகத் தமிழாசிரியர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். எனக்கென்னவோ அந்தப் பையனுக்கு அரை மார்க்காவது போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அது போருக்குப் போகும் அரசனுக்குச் சொன்ன அதிகாரம். தன் பலம் எவ்வளவு, எதிரி பலம் எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்த்துவிட்டு இறங்கு என்பதுதான் விஷயம். அதில் மயிலிறகு பற்றி ஒரு குறள் வரும், பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இறகுதானே என்று வண்டியில் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அச்சு முறியும். அதற்கு அடுத்த குறள், கிளையின் நுனி வரை ஏறிவிட்டவன் இன்னும் கொஞ்சம் ஏறிப் பார்க்கலாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பது.

நீண்ட தூரம் ஓடுகிறவர்களின் காலில் என்ன நடக்கிறது என்று எலும்பு டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கியபோது, இந்த மயிலிறகுதான் ஞாபகம் வந்தது.

ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. 75 கிலோ ஆள் என்றால் 150 கிலோவுக்கு மேல். ஒரு தடவை இறங்கினால் ஒன்றுமில்லை, இறகு மாதிரி. ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 160 அடி வைத்து, இரண்டரை மணி நேரத்தில் அரை மாரத்தானை முடிக்கிறவர், மொத்தம் 24,000 அடி வைக்கிறார். காலுக்கு 12,000. பயிற்சிக் காலத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

எலும்பு சும்மா இருக்கும் கட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பாரத்துக்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக் கட்டிக்கொண்டே இருக்கும் உயிருள்ள பொருள் அது. 1892-லேயே ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை எழுதிவைத்துவிட்டார். இதில் ஒரு சிக்கல். வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் பழைய சுவரை இடிப்போமே, அந்த மாதிரி எலும்பும் பழையதை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. இடிப்பது சீக்கிரம் நடக்கும். கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். இடித்த நேரத்தில் பாரத்தை ஏற்றினால் விரிசல்.

இதயமும் நுரையீரலும் அப்படி இல்லை. சில வாரப் பயிற்சியிலேயே தேறிவிடும். மூச்சு வாங்குவது நின்றுவிடும். 'ஆஹா, நான் தயார்' என்று மனசு கூத்தாடும். எலும்பும் தசைநாரும் அப்போதுதான் செங்கல் இறக்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் புதுசு, சேஸிஸ் பழசு. அடிபடுகிற புது ஓட்டக்காரர்களில் பல பேருடைய கதை இதுதான். 2025-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 5,000-க்கும் அதிகமான ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். கடைசி 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட, ஒரே நாளில் 10 சதவிகிதத்துக்கு மேல் கூட ஓடினால், அடிபடும் வாய்ப்பு ஏறுகிறது. நண்பர் 12 கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவாக 18-க்குப் போனவர். நுனிக்கொம்பர்.

*

'அப்படியானால் வலித்தால் நிறுத்து, அவ்வளவுதானே? இதற்கு எதற்கய்யா மூன்று பக்கம்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் முடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் அந்த ஸ்வீடன் டாக்டரின் கதை கண்ணில் பட்டது. அது எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது.

ஹோகன் ஆல்ஃப்ரெட்ஸன். ஸ்வீடனில் உமேயோ என்ற ஊரில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். அவரும் ஓடுகிறவர். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி கைக்குத் தட்டுப்படுமே, அகிலிஸ் தசைநார், அதில் அவருக்குத் தீராத வலி. 1990-களில் நடந்தது இது. தன் மேலதிகாரியான டாக்டரிடம் போய், 'எனக்கு ஆபரேஷன் செய்துவிடுங்கள்' என்றார். அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஆபரேஷன் செய்தால் இவர் வாரக்கணக்கில் லீவு போடுவார், ஆஸ்பத்திரிக்குக் கட்டுபடியாகாது. (எல்லா ஊர் ஆபீஸும் ஒரே மாதிரிதான்.)

ஆல்ஃப்ரெட்ஸனுக்குக் கோபம். நார் முழுசாக அறுந்துபோனால் ஆபரேஷன் செய்துதானே ஆகவேண்டும்? அறுத்தே காட்டுகிறேன் என்று முடிவு செய்தார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, வலிக்கிற காலின் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. வலிக்க வலிக்க இறக்குவது. முதுகில் பாரத்தையும் கட்டிக்கொண்டு இறக்குவது. தினமும் இதையே செய்தார்.

நார் அறுந்ததா? இல்லை. வலி போய்விட்டது!

அவரே சொன்ன கதை இது. மனுஷர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அதே தொல்லை உள்ள 15 பேருக்கு, தினம் இரண்டு வேளை, 12 வாரம், அதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார். 15 பேரும் மறுபடி ஓடப் போனார்கள். 1998-ல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் பிசியோதெரபிஸ்டுகள் படிக்கட்டைக் காட்டி 'குதிகாலை இறக்குங்க சார்' என்று சொல்வதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதில் அவர் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள். வலித்தாலும் செய்யவேண்டும், ஆளை முடக்கிப் போடுகிற அளவுக்கு வலி போனால் மட்டும் நிறுத்தவேண்டும்.

இப்போது சொல்லுங்கள். என் நண்பரும் வலியைப் பொறுத்தார். ஆல்ஃப்ரெட்ஸனும் வலியைப் பொறுத்தார். ஒருவருக்கு எலும்பு விரிந்தது, ஒருவருக்கு நார் தேறியது. பொறுமை இரண்டு பேரிடமும் ஒரே அளவுதான். ஆகவே பொறுமை ஒரு தகுதியே இல்லை என்று ஆகிறது. அல்லது குறைந்தபட்சம், பொறுமையை மட்டும் வைத்து யாருக்கும் நல்லவன், வல்லவன் என்று சான்றிதழ் கொடுக்க முடியாது.

வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. வலிகளுக்குள்ளேயே ஜாதி உண்டு. புதிதாகத் தண்டால், பஸ்கி எடுத்த மறுநாள் இரண்டு தொடையிலும் பரவலாக வலிக்கும். இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். அது தசை வளர்கிற வழியில் வருகிற வலி, அதற்குப் பயந்து ஓடினால் ஆயுசுக்கும் பலம் வராது. தசைநார் வலி காலையில் முதல் சில அடிகளில் விறைப்பாக வலித்து, நடக்க நடக்கத் தளரும். அளவான பாரம் கொடுத்தால் அது தேறும், மூடி வைத்தால் இன்னும் மோசமாகும். எலும்பு வலி ஒரே இடத்தில் ஊசி குத்தினாற்போல இருக்கும், ஓட ஓட ஏறும், கடைசியில் ராத்திரியிலும் விடாது. அதற்கு வீரம் காட்டவே கூடாது. உடனே டாக்டர்.

என் நண்பருக்கு இது தெரியாதா? நான் கேட்டேன். 'சந்தேகம் இருந்துச்சு சார்' என்றார். இருந்தது. அந்தச் சந்தேகத்தைக் கேள்வியாக்கி ஒருவரிடம் கேட்டிருந்தால், 'ஓடாதே' என்று பதில் வந்துவிடும். ஆகவே கேட்கவில்லை. மாத்திரை போட்டுச் சந்தேகத்தின் வாயை மூடினார். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று ஓடுகிறவர்களை டாக்டர்கள் எச்சரிக்கிற மாத்திரைகள்தான் அவை. அவர் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது பொய் சொல்வதில் ஒரு வகை என்று படுகிறது, கேட்கிறவரும் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கிற பொய். நாமெல்லாருமே அதில் கை தேர்ந்தவர்கள்தான். கிரெடிட் கார்டு பில்லைப் பிரிக்காமல் டிராயரில் போடுகிறவர்கள்தானே நாம்?

*

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு மெஷினை வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பில் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். ஓட ஓடத் தேயும். உடம்பையும் அப்படியே நினைத்து, 'ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்' என்று ஓடுகிறவர்களைப் பயமுறுத்துகிற மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. உடம்பு அந்தக் கணக்குக்கு ஒத்துவராது. உபயோகித்து, ஓய்வும் கொடுத்தால் மதிப்பு ஏறுகிற ஒரே மெஷின் அதுதான். ஆனால் பாடத்தில் இன்னொன்றும் உண்டு, ரிசர்வ். லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது. அதை யாரும் பார்த்துக் கைதட்டமாட்டார்கள். டிவிடெண்டைத்தான் பார்ப்பார்கள்.

ஓடுகிறவர்களுக்கு அந்த ரிசர்வ்தான் வலுப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நாள், பாரத்தோடு பஸ்கி, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் படுத்து இடுப்பை உயர்த்துவது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற நமக்குப் பின்பக்கத் தசைகள் தூங்கிப்போய்க் கிடக்கின்றன. இடுப்பில் வலு இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியிலும் முட்டி உள்பக்கமாகச் சாயும். அந்தக் கூலியை வேறு யாரோ, முட்டியோ முன்னெலும்போ கொடுக்கும்.

2014-ல் டென்மார்க்கில் ஒரு குழு, 25 ஆய்வுகளை, 26,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. வெறுமனே உடம்பை நீட்டி வளைப்பதால் காயங்கள் குறையவில்லை. வலுப் பயிற்சி செய்தவர்களுக்கு விளையாட்டுக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. அவர்கள் எல்லாரும் ஓட்டக்காரர்கள் இல்லை, பல விளையாட்டுக்காரர்கள். ஓட்டக்காரர்களை மட்டும் எடுத்து, நியூயார்க் மாரத்தானுக்கு முதல் முறையாகப் போகிற 720 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-ல் வந்தது. ஒரு பாதிப் பேரிடம் வாரம் மூன்று முறை பத்து நிமிடம் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பயிற்சியைக் கொடுத்தார்கள். காயங்களில் வித்தியாசமே தெரியவில்லை. ஆக இது தாயத்து இல்லை. கட்டிக்கொண்டால் காப்பாற்றும் என்று சொல்ல நான் தயாரில்லை. பத்து நிமிடத்தை ஒப்புக்குச் செய்து தீர்ப்பது வேறு, பாரத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒருவர் பார்த்துத் திருத்தி, மாதக்கணக்கில் செய்வது வேறு என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அதை ஏன் செய்வதில்லை? இந்தக் கேள்விக்கு நண்பரைக் கூண்டில் ஏற்ற முடியாது. நானே வாரம் மூன்று நாள் ஓடுகிறவன். பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த பயிற்சித் தாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தப் பொம்மைக்குக் கீழே மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. ஓடினால் கடற்கரையில் நாலு பேர் பார்க்கிறார்கள். காற்று வருகிறது. எண் ஏறுகிறது. சமையலறை வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதை யாருக்குப் படம் எடுத்து அனுப்புவது? வலியோடு ஓடி முடிப்பதில் ஒரு நாடகம் இருக்கிறது. வலி வராமல் பார்த்துக்கொள்வதில் ஒரு நாடகமும் இல்லை. கஷ்டப்படுவதற்கு நாம் தயார், சலிப்புக்குத்தான் தயாரில்லை.

*

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒழுக்கம் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நண்பரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். பள்ளிக்கூட டீச்சர். கையில் கரண்டி.

"ஒண்ணு கேக்கறேண்ணா. எனக்கு மூணு வருஷமா முட்டி வலி. நாள் முழுக்க நின்னு பாடம் நடத்தறேன், வந்து அடுப்படியில நிக்கறேன். பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன்? எனக்கு யாராவது மெடல் குடுத்தாங்களா?"

நண்பர் டி.வி. ரிமோட்டைத் தேடினார்.

"இவரு பொறுத்துக்கிட்டாரு. இப்ப இவரைக் குளிக்க வைக்கறது யாரு, ஆபீசுக்கு ஆட்டோ புடிச்சு அனுப்பறது யாரு? மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது இவரு வேலை. அதையும் நான்தான் பாக்கறேன். வலி மட்டும் இவரோடது. மத்ததெல்லாம் எங்களோடது."

லாபம் தனி, நஷ்டம் கூட்டு. எந்தப் பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு ஷரத்து இருக்க முடியாது. வலியைப் பற்றி இவ்வளவு யோசித்த எனக்கு, அந்த அம்மா சொன்ன இரண்டு விஷயமும் தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம். என் உடம்பு, என் வலி, என் இஷ்டம் என்று பேசுகிறோம். ஊன்றுகோல் வருகிற அன்றைக்குத்தான் அந்த உடம்பில் எத்தனை பேருக்குப் பங்கு இருந்தது என்று தெரிகிறது.

இன்னொன்றும் தோன்றியது. கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிற பெண், இவர்களுக்கெல்லாம் வலியைப் பொறுப்பது ஒழுக்கமும் இல்லை, வீரமும் இல்லை. நிறுத்தினால் அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். அவர்களுடைய பொறுமையைப் புகழ்வது நமக்கு வசதி. புகழ்ந்துவிட்டால் வேறு எதுவும் செய்யவேண்டியதில்லை. அந்த டீச்சரின் மூன்று வருஷ முட்டி வலியை அந்த வீட்டில் யாரும் கேட்காததற்கும் அதேதான் காரணமோ என்னவோ. 'அவ எதையும் பொறுத்துக்குவா' என்று நண்பர் பெருமையாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

போன வாரம் மறுபடி போனேன். பூட்ஸைக் கழற்றியாகிவிட்டது. ஓட இன்னும் அனுமதி இல்லை. பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு பேருமாகவே போய் வந்திருக்கிறார்கள், இவருக்கு ஒரு தாள், அந்த அம்மாவுக்கு ஒரு தாள். முட்டிக்கும் மருந்து தொடைக்கு வலு ஏற்றுவதுதானாம். நான் போனபோது சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டை ஹாலுக்கு இழுத்துப்போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள். டி.வி.யில் ஏதோ சீரியல், சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பர் பன்னிரண்டாவதில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டார் அவர் மனைவி.

"இல்ல. போரடிக்குது."

"அப்ப இன்னும் மூணு இருக்கு. எழுந்திரிங்க."